பிரிண்டருக்காக எழுந்த குரல்

கணினிக்குள் பிரிண்டரை இயக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. எதற்கெடுத்தாலும் அதற்குப் பதற்றம்.

"எச்சரிக்கை! காகிதம் வந்துடுச்சு! எச்சரிக்கை! காகிதம் போயிடுச்சு!"

சலித்துப்போன திரை, அது சொல்வதைக் கவனிப்பதையே விட்டுவிட்டது.

ஒருநாள் காகிதம் நிஜமாகவே சிக்கியது. மென்பொருள் அலறியும் திரை அசையவில்லை. பிரிண்டரின் உருளை ஓரத்தில் கருகிப்போனது.

"அண்ணே, நான் கத்தினது கேக்கலையா?" என்று திரையிடம் அழுதது மென்பொருள்.

"கேட்டுச்சுப்பா. வழக்கமான கத்தல்னு நெனச்சேன்."

மறுநாள் நூறு காகிதங்கள் வந்துபோயின. நாக்கு துறுதுறுத்தாலும் மென்பொருள் வாய் திறக்கவில்லை. அடுத்த காகிதம் உருளையில் சுருண்டதுமே, "அண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தியது.

திரை முழுக்கச் சிவந்தது. பிரிண்டர் சட்டென்று நின்றது.

தப்பித்த உருளை, "அப்பாடா! யாருப்பா நீ, புதுசா வந்திருக்கியா?" என்றது.