சுத்தமான மீன்

யாழ்ப்பாணத்துக் குருநகர் மீன்காரர் யாகப்பு மூன்று கிழமையாகத் திருநெல்வேலியில் கஜந்தினி வீட்டுக்கு மீன் கொண்டுபோகிறார். அவள் மீனை வாங்கியதும் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். உடனே முகம் வாடிவிடும்.

தன் மீனில் என்ன குறை கண்டாளோ என்று யாகப்புவுக்கு மனம் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் இன்னும் கவனமாக மீனைத் தெரிந்தெடுத்துக் கொண்டுபோனார். அவள் முகம் இன்னும் வாடியது.

இன்று வழியில் மோட்டார் சைக்கிள் சில்லு காற்றுப் போய், பிந்திவிட்டது.

"இண்டைக்கு மீனை வடிவாப் பாக்க நேரம் கிடைக்கேல்லை. குறை நினையாதை பிள்ளை."

கஜந்தினி செவுளைத் தூக்கினாள். உள்ளே இரண்டு பூச்சிகள் நெளிந்தன. யாகப்பு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளோ வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணை, நான் கம்பஸிலை மீன் பூச்சியளைத்தான் ஆராயிறன். அதுகள் இருந்தாத்தான் கடல் நல்லாயிருக்கெண்டு அர்த்தம். மூண்டு கிழமையா ஒண்டையும் காணேல்லை. எங்கடை கடலுக்கு ஏதோ வந்திட்டுதெண்டு அறிக்கையும் எழுதி வைச்சிட்டன். நல்லகாலம், நாளைக்குத்தான் குடுக்கோணும்."

அவள் மீனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆனா அண்ணை, உவ்வளவு நாளும் ஏன் ஒண்டும் இருக்கேல்லை?"

மூன்று கிழமையாக அவளுக்கென்றே செவுள் தேய்த்துக் கழுவிய பழைய பல் பிரஷ், யாகப்புவின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை ஒரு விரலால் மெல்ல உள்ளே தள்ளினார்.

"நாளையிலை இருந்து இருக்கும், பிள்ளை."