வலைப்பூவுக்கு ஒரு போட்டோ

சகாயமேரி டீச்சரின் கோடை விடுமுறை வகுப்பில் ஒரே பாடம்தான்: பிள்ளைகள் தினமும் வலைப்பூவில் எழுத வேண்டும். யாராவது எழுதாமல் விட்டால், அந்த வலைப்பூச் செயலியே அந்தப் பிள்ளையின் நடையில் ஒரு பதிவு போட்டுவிடும். எது யார் எழுதியது என்று டீச்சருக்கே தெரியாது.

அன்று காலை யாழ்மதியின் பதிவு வந்திருந்தது: "எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தனியாக நீந்தினேன்." டீச்சருக்குப் பூரிப்பு. "சபாஷ். போட்டோ எங்கே? பொய் எழுதக் கூடாது" என்று கீழே எழுதிவிட்டு, அடுத்த பதிவுக்குப் போய்விட்டார்.

மதியம் யாழ்மதியின் அம்மா போன் செய்தார்.

"டீச்சர், ரெண்டு நாளா பிள்ள காய்ச்சல்ல கெடந்தா. எதுவும் எழுதல. காலைல நீங்க போட்டதப் பாத்துட்டு, மிஸ் என்னப் பொய்க்காரின்னு நெனப்பாங்கன்னு ஒரே அழுக. நான் சந்தைக்கு வந்துட்டேன். இப்பக் கூப்பிட்டா போன எடுக்க மாட்டேங்கறா."

டீச்சர் அந்தப் பதிவை மறுபடி திறந்தார். "அவளுக்கு நீச்சல் தெரியுமா?"

"தண்ணியக் கண்டாலே பயப்படுவா டீச்சர்."

அப்போதுதான் டீச்சரின் திரையில் அந்தப் போட்டோ வந்தது. கிணற்று மேட்டில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. அதன் கீழே யாழ்மதி எழுதியிருந்தாள்: "மிஸ், இனி இது பொய் இல்லை."