உறை ஒட்டியவள்

கட்டிலில் என் அக்கா செண்பகவல்லி. சுவரோரம் நாற்காலியில் அவளுடைய மூத்த மகள் பூவிழி, கோணிய விரல்களை மடியில் வைத்தபடி. கதவருகே தரையில் இளையவள் தேன்மலர். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மேசையில் காகிதத்தோடு தாய்மாமனான நான்.

பூவிழியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாக மருத்துவர் எழுதியிருந்தார். அது உள்ளவர்களுக்கு முடக்குவாதம் வந்தால் விரல்கள் சீக்கிரம் கோணிவிடும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் தடுக்கலாம். தங்கையின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும், அழைத்து வாருங்கள் என்றிருந்தார்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல, வரலன்னு எழுதுடா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்," என்றாள் அக்கா.

"எனக்கும் ஒண்ணுமில்லன்னுதானேம்மா சொன்னே," என்றாள் பூவிழி.

"நீ வாயை மூடுடி."

தேன்மலர் சிரித்தாள். "எழுதுங்க மாமா. நான் நல்லாத்தானே இருக்கேன்."

எழுதினேன். உறையை அவளே வாங்கி ஒட்டினாள். விரலால் தேய்க்கவில்லை, மணிக்கட்டை வைத்து அழுத்தினாள். விரல் மடங்காமல் போனதிலிருந்து பூவிழியும் அப்படித்தான் ஒட்டுவாள்.

பூவிழி என்னையே பார்த்தாள். மருத்துவமனைப் பக்கம் போகிற பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். உறையைக் கொடுத்து அனுப்பினேன்.