நாலாவது சட்டை

"இதுவாடி ரத்தம்? காப்பியைக் கொட்டின மாதிரி இருக்கு!"

மர்லேனி மேடம் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக் காட்ட, வகுப்பே சிரித்தது. அந்த மேடத்துக்கு நாக்கிலும் கத்திரிக்கோல்தான்.

நயிபே தலைகுனிந்து நின்றாள். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் நாடகப் பள்ளியில் உடையலங்காரம் படிப்பவள். கடைசி வருடப் பரீட்சை. நாடகத்தில் சுடப்பட்டுச் சாகும் தொழிலாளிக்கு ஒரு வெள்ளைச் சட்டை தயாரிக்க வேண்டும். ஏற்கனவே மூன்று சட்டைகளை மேடம் கடாசிவிட்டார். சிவப்புச் சாய டப்பாவைத் திறந்தாலே பாவம், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இது நாலாவது.

"ஓட்டையைப் பாரு, எலி கடிச்ச மாதிரி! கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? இதுல உண்மையே இல்ல, நயிபே."

"மேடம், இது..."

"பேசாதே. நல்லா வெளுத்துட்டு, புதுசா சாயம் ஏத்திக் கொண்டா. அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா உன் வருஷம் போச்சு."

சட்டையைத் திரும்ப வாங்கக்கூடத் தோன்றாமல் நயிபே கழிவறைக்கு ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். படிப்பு போனால் போகட்டும், சட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மணி மூன்று.

கூடப் படிக்கும் ஃபாபர், சூடான வெல்லத் தண்ணீரோடு எதிரே வந்தான். அவன் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"அழுமூஞ்சி, முதல்ல இதைக் குடி. உன் வேலையில பாதியை நான் முடிச்சுட்டேன்."

"என்ன வேலை?"

"உன் சட்டைதான். யப்பா, என்ன சாயம்டி போட்ட? மேடை ரத்தம்னா பச்சைத் தண்ணியிலயே போயிடும். இது போவேனான்னு அடம் பிடிக்குது! மூணு தடவை ப்ளீச் ஊத்தித் தேய்ச்சேன். சாயமும் நானே ஏத்தித் தர்றேன். நீ பாஸாயிடுவடி!"

கொடியில் சட்டை வெள்ளை வெளேரென்று சொட்டிக்கொண்டிருந்தது. நயிபே அதன் மார்பிலிருந்த சின்ன ஓட்டையில் விரலை வைத்தாள்.

"ஏய், என்னடி ஆச்சு?"

"அம்மா வேலை விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து பாப்பாங்க, ஃபாபர். தினமும் பாப்பாங்க."

அண்ணனைச் சுட்டுக் கொன்ற அன்று ஆஸ்பத்திரியில் மடித்துக் கொடுத்த அந்தச் சட்டையில், நாலு வருடமாக அவள் அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் படவிட்டதில்லை.