முன்வரிசைப் பெரியப்பா

"மேடையா இது? பல் டாக்டர் கிளினிக் மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு."

வரவேற்பின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் பெரியப்பா, வந்ததிலிருந்து வாயை மூடவில்லை.

டிரோன் ஒன்று மோதிரத்தைச் சுமந்து வந்தது. "ஏன், கையில கொண்டுவர ஆள் கிடைக்கலையா?"

மேடையில் புகை கிளம்பியது. "கொசு மருந்து அடிக்கிறாங்க. மூக்கைப் பொத்திக்குங்க."

மாப்பிள்ளையின் அம்மா பல்லைக் கடித்தாள். "உங்க பெரியப்பாவுக்கு எதுவுமே பிடிக்காதா?"

"அவர் அப்படித்தான் அத்தை," என்றாள் மணப்பெண், பெருமையாக.

கூட்டம் கலைந்ததும் பெரியப்பா மண்டபத்தின் பின்பக்கம் போய், வாடகைக் கோட்டைக் கழற்றி விழா ஏற்பாட்டாளரிடம் கொடுத்தார்.

"இருபது வருஷமா நாடகத்துல நடிக்கிறேன். இப்படி ஒரு வேஷம் போட்டதில்ல. கொஞ்சம் ஓவராப் போயிட்டேனோ?"

"அசத்திட்டீங்க. டிரோன், புகை எல்லாம் என் ஐடியா. நீங்க மட்டும் பொண்ணோட ஐடியா. காப்பகத்துல வளர்ந்தவ. 'உரிமையோட குறை சொல்ல என் பக்கம் ஒருத்தராவது வேணும்'னு கேட்டா."

அதற்குள் மணப்பெண்ணே வந்து நின்றாள்.

"அடுத்த மாசம் புது வீட்டுக்குப் போறோம். நாலாவது மாடி. நீங்க அவசியம் வரணும்."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல."

"லிஃப்ட் இல்லாத வீட்டை எவன் பார்த்தான்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணாமா?"