முடியாத பந்தயம்

அன்று ஹசீனா ரிப்பேருக்குப் போன ஆறாவது வீடு அது. முதுகு ஒடிந்துவிடும்போல் இருந்தது. பொன்னம்பலத்தின் கேமிங் கம்ப்யூட்டர் மூன்று நாளாகத் தொண்ணூற்றெட்டு டிகிரியில் கொதிக்கிறதாம். அதை அணைக்காமலே மூடியைக் கழற்றித் தூசியை ஊதினாள். காற்றை மறித்துக்கொண்டிருந்த வயர்களை ஒதுக்கிக் கட்டினாள். ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

“இதுல யார் சார் விளையாடறது?”

“நானும் பையனும்தாம்மா. அவன் டொரண்டோல இருக்கான். சனிக்கிழமையானா கார் ரேஸ்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்ப என்னால உக்கார முடியல. ஆடறதுக்கும் பேசறதுக்கும் கம்ப்யூட்டர்லயே ஒரு பதிலாள் வச்சிருக்கேன். அவனுக்குத் தெரியாது.”

ஹசீனா அணைந்திருந்த திரையைப் போட்டாள். சனிக்கிழமை தொடங்கிய பந்தயம் செவ்வாய்க்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. பதிலாள் ஆடினால் பெயருக்கு அருகே வரும் பச்சைப் புள்ளி, ரிப்பேர்காரர்களின் கருவியில் மட்டும்தான் தெரியும். அப்பா, மகன் இரண்டு பெயர்களுக்கு அருகேயும் அது இருந்தது.

சொல்லாமல் போய்விடலாம். ஆனால் காரணம் எழுதாமல் புகாரை முடிக்க முடியாது.

“இத்தனை வாரமா உங்க பையன் போதும்னு நிறுத்தியிருப்பாரு சார். இந்த வாரம் அவரும் பதிலாள் வச்சுட்டாரு. ரெண்டுக்கும் அலுப்பே வராது. அதான் சூடு. நிறுத்திடவா?”

ஸ்பீக்கரில் மகனின் குரல் கேட்டது.

“மாத்திரை போட்டீங்களாப்பா?”

“போட்டேன்டா. நீ சாப்ட்டியா?” என்றது பொன்னம்பலத்தின் குரல்.

பொன்னம்பலம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேணாம்மா, பேசிட்டிருக்கட்டும்,” என்றார் கடைசியில். “பெரிய ஃபேனா ஒண்ணு மாட்டிட்டுப் போ.”