மூக்கு முளைத்த கதவு

வாடகைக்கு வருகிறவரிடம் சாதி கேட்பது குற்றமென்று சட்டம் வந்ததும், வீட்டுக்காரர்கள் கதவுக்கு மூக்கு வைத்துவிட்டார்கள். வருகிறவர் மேல் கருவாட்டு வாசம் அடித்தால் கதவு திறக்காது. அந்த மூக்குகளைப் பொருத்துவதுதான் எழில்வதனிக்கு வேலை. இன்று அவள் வீடு தேடி வந்தாள். போன மாதம் அவளே பொருத்திய கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

"நான் எதுவும் கேக்கலியேம்மா, கதவுதான் வேணாங்குது," என்றார் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக. சிரிக்கவும் செய்தார், புண்ணியவான்.

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு அதையே கேப்போம் சார்."

கதவுக்குச் சொல்லிவைத்த கட்டளையைத் திரும்ப ஒலிக்கவைக்கும் பொத்தான் நிலைக்காலில் ஒளிந்திருந்தது; அவள் அதை அழுத்தினாள். கதவு தெருவுக்கே கேட்கும்படி, வீட்டுக்காரரின் குரலிலேயே பேசியது: "அந்த ஜனங்க வந்தா திறக்காதே."

அவர் ஜன்னலைச் சாத்தினார். கதவு வாயை மூடவில்லை.